திரை வந்த வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால், கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்றுதான் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் கேட்பார்கள். பள்ளிக்கூடத்துக் கணினியைப் பற்றியும் அதையே கேட்க வேண்டியிருக்கிறது. டெல்டாவின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளுக்கும் ஸ்மார்ட் வகுப்பறை வந்துகொண்டிருக்கிறது. 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலிருந்து க்யூஆர் கோடு அச்சாகிறது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. சாமான்கள் வந்துவிட்டன. கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேர்வதில்தான் கோட்டை விடுகிறோம்.

முதல் தவறு, கருவியைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்தார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் அதனால் மதிப்பெண் கூடியதாகத் தெரியவில்லை என்று 2012-இல் வந்த ஆய்வு சொன்னது. கணினி கைக்கு வந்தாலும் பாடம் நடத்தும் முறை மாறவில்லை என்றால் இதுதான் நடக்கும்.

அடுத்தது காணொளி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல ஆசிரியர்களும் சறுக்குகிற இடம் இது. விதை முளைத்தல் பாடம் என்று வைத்துக்கொள்வோம். திரையில் அவரை விதை வெடித்து வேர் விடுகிறது, பின்னால் இசை ஓடுகிறது, பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்." அடுத்த பாடம்.

ஆனால் ஜூன் மாதத்தில் அதே வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளின் வீட்டில் குறுவைக்கு விதைநெல் ஊறிக்கொண்டிருக்கும். ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி மூட்டம் போடுவார்கள். ஏன் ஊறவைக்கிறோம்? ஏன் மூடி வைக்கிறோம்? சாக்குக்குள் கைவிட்டால் ஏன் சுடுகிறது? விதை சுவாசிக்கிறது, சுவாசிக்கும்போது வெப்பம் வெளியேறுகிறது என்ற பாடம் முழுக்க அந்தச் சாக்கில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவரை விதையைக் காட்டிவிட்டுப் போவது பெரிய நஷ்டம்.

காணொளியே வேண்டாம் என்பதில்லை, வரிசையை மாற்றினால் போதும். ஒரு பிடி நெல்லை ஈரத்துணியில் முடிந்து வகுப்பிலேயே வையுங்கள். இன்னொரு பிடியைத் தண்ணீரில் மூழ்கவே விடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் இரண்டையும் ஆசிரியர் போனில் ஒரு பிள்ளை படம் எடுக்கட்டும். சில நாள் கழித்து அந்தப் படங்களை வரிசையாகத் திரையில் போடுங்கள். தண்ணீருக்குள் கிடந்த நெல்லில் குருத்து நீண்டு, வேர் பின்தங்கியிருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஏன் என்று கேள்வி அவர்களிடமிருந்து வந்த பிறகு காணொளியை ஓட்டுங்கள். நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு மீதியைக் காட்டுங்கள்.

வெளியிலிருந்து வந்த கருவியை ஊருக்கேற்ப மாற்றிக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகத்துக்குச் செலவானது. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

வகுப்பு முழுவதற்கும் ஒரே திரை, ஒரே வேகம் என்பது இன்னொரு தவறு. டெல்லியில் மாலைநேர மையங்களில் மென்பொருள் வழியாகப் பாடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2019-இல் வெளியானது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கியது. கூடவே சிறு குழுவுக்குச் சொல்லித்தர ஓர் ஆளும் இருந்தார். தொடக்க வகுப்புகளுக்கான நம் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததும் இதே எண்ணத்தில்தான். எட்டாம் வகுப்பில் வகுத்தல் வராத பிள்ளைக்கு இயற்கணிதக் காணொளியை எத்தனை முறை போட்டாலும் பயனில்லை.

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். பகலெல்லாம் போன் அப்பாவோடு வயலிலோ கடலிலோ இருக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்தால் அக்காவும் தம்பியும் அந்த ஒன்றுக்காகக் காத்திருப்பார்கள். அக்காவுக்கு அடுப்படி வேலை இருந்தால் போன் தம்பிக்குத்தான். கரும்பலகையில் எழுதிப் போட்டால் எல்லாருக்கும் கிடைக்கும். மதிப்பெண் பட்டியலையும் பிள்ளைகளின் படங்களையும் குழுவில் போடுவதையும் நிறுத்த வேண்டும். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தைகள் என்றே கணக்கில் எடுக்கிறது.

செயற்கை நுண்ணறிவை என்ன செய்வது? காவிரி பற்றிக் கட்டுரை கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் ஒரே நடையில் எழுதி வருகிறார்கள். தடை போட்டால் வீட்டில் செய்வார்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் எழுதவே மறந்துவிடுவார்கள். வகுப்பிலேயே எல்லார் முன்னாலும் அதைத் திறந்து, "எங்கள் ஊர் வாய்க்கால் எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது? எந்தெந்த ஊருக்குப் பாய்கிறது?" என்று கேளுங்கள். சிறிய ஊர்களைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்டது குறைவு என்பதால், அது தயங்காமல் தப்பாகச் சொல்ல வாய்ப்பு அதிகம். அந்தப் பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு பிள்ளைகள் தாத்தாவிடமும், வாய்க்கால் தண்ணீரைத் திறந்து அடைக்கும் லஸ்கரிடமும் போய்க் கேட்டு, ஒவ்வொரு வரியிலும் எது சரி, எது தப்பு என்று குறித்து வரட்டும். அந்தத் திருத்தத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.

கடைசியாக மழை. மின்சாரமும் நெட்டும் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் பாடத் திட்டம் போடக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே தேவையான காணொளிகளை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். லேப்பில் கணினிகள் தரையில் இருந்தால் மேசைக்கு ஏற்றுங்கள். திரை இல்லாமலே நடத்தக்கூடிய பாடங்களை நவம்பர், டிசம்பருக்கு ஒதுக்கி வையுங்கள். அந்த மாதங்களில் அடி அகலமும் வாய் அகலமும் ஒன்றாக உள்ள ஒரு டப்பாவை மைதானத்தில் வைத்து, தினமும் காலையில் மழையை மில்லிமீட்டரில் அளந்து பிள்ளைகள் நோட்டில் குறித்து வரட்டும். ஜனவரியில் லேப் திறந்ததும் எக்செல் பாடத்தை அந்தக் கணக்கை வைத்தே தொடங்கலாம்.