அரை மில்லிகிராம்தானே என்று நினைக்காதீர்கள்

மாமா இறந்த பிறகு என் அத்தைக்குத் தூக்கமே வரவில்லை. டாக்டர் 15 நாளைக்கு எழுதிக் கொடுத்த அல்பிரஸோலம் மாத்திரையை, அதே பழைய சீட்டைக் காட்டி வாங்கி வாங்கி 4 வருடம் சாப்பிட்டார். ஒருமுறை மகள் வீட்டுக்குப் போனபோது மாத்திரை அட்டையை எடுத்துப் போக மறந்துவிட்டார். சரி, இதோடு விட்டுவிடலாம் என்று இருந்துவிட்டார். மூன்றாம் நாள் காலையில் வலிப்பு வந்தது. அதுவரை அவருக்கு வலிப்பு வந்ததே இல்லை.

தூக்க மாத்திரை பழகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். பல நாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்பது பலருக்குத் தெரியாது. நரம்புகளின் பரபரப்பை அடக்க மூளையில் 'காபா' என்றொரு ரசாயனம் இருக்கிறது. அல்பிரஸோலம், குளோனஸிபாம், லோரஸிபாம், டயஸிபாம் எல்லாமே அதன் வேலைக்குக் கை கொடுப்பவை. வாரக்கணக்கில் கை கொடுத்துக்கொண்டே இருந்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். திடீரென்று மாத்திரை நின்றால் பரபரப்பை அடக்க ஆளில்லை. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, சிலருக்கு வலிப்பு வரை போகும். பலர் இந்தப் படபடப்பைப் பார்த்துவிட்டு, நோய் திரும்பிவிட்டது என்று இன்னொரு மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொள்கிறார்கள். அதுவும் தவறு. டாக்டர் சொல்லும் கணக்குப்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு அதற்கே பல மாதம் ஆகும்.

இன்னொரு தவறு, அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாறுவது. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் போட்டுப் பழகிய கண்ணுக்கு 0.5 ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். ஆனால் அல்பிரஸோலம் 0.5 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய டயஸிபாம் 10 மில்லிகிராமுக்குச் சமம். 'பாதிதானே' என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று பிய்த்துக் கொடுப்பது உதவி இல்லை.

மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோபிராமையும் குளோனஸிபாமையும் ஒரே மாத்திரையில் சேர்த்தும் விற்கிறார்கள். தூக்க மாத்திரையும் சேர்ந்துதான் உள்ளே போகிறது என்று தெரியாமலே சாப்பிடுகிறவர்கள் உண்டு. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மதுவோடு சேர்த்துப் போடுவது உயிரையே எடுக்கும். இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி நின்றே போகலாம். டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இவற்றோடும் அதே ஆபத்துதான். இப்படி வலி மாத்திரையோடும் இருமல் மருந்தோடும் சேர்ப்பதற்காகவே, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-ல் மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டித் தனி எச்சரிக்கை போட வைத்தது.

மருந்துக் கடையில் சீட்டு கேட்டால் சண்டை போடாதீர்கள். அல்பிரஸோலம், டயஸிபாம் போன்றவை 2014 மார்ச் முதல் 'எச் 1' என்ற, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் இருக்கின்றன. யாருக்கு, எந்த டாக்டர், எத்தனை மாத்திரை என்று எழுதி அந்தப் பதிவேட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. அத்தை விஷயத்தில் யாராவது ஒருவர் அப்படி மறுத்திருக்கக்கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் உடம்பிலிருந்து இந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் தள்ளாடி விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும். பகலில் ஞாபகம் தடுமாறினால், 'வயசாகிவிட்டது' என்று விடாமல் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தப் பெட்டியையே கையோடு எடுத்துப் போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

அத்தைக்கு அதே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, 7 மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். இப்போது 11 மணிக்குப் படுத்து 4:30-க்கு எழுந்துவிடுகிறார். பகலில் அசதி இல்லையென்றால் அவருக்கு அந்தத் தூக்கம் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.