பக்கத்து நாட்டில் வேலையின்மை குறைவாமே, போய்விடலாமா?

ஜெர்மனிக்கு வந்து இரண்டு மாதமாக விண்ணப்பம் போட்டும் பதில் வரவில்லை என்றால், யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலைத் தட்டிவிடுவார். 'செக் நாட்டில் வேலையின்மை 2.6 சதவீதம்தான், இங்கே 6. பேசாமல் பிராக் போய்விடலாமா?' நானும் இப்படிக் கேட்டவன்தான்.

சரி, அந்த 6 எங்கிருந்து வந்தது? அது 2024-க்கு ஜெர்மன் வேலைவாய்ப்பு அலுவலகம், அதாவது நம்மவர்கள் வாயிலும் புழங்கும் அர்பைட்ஸ்அகென்டூர், சொன்ன கணக்கு. அதே ஆண்டில் அதே ஜெர்மனிக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் சொன்னது 3.4. இரண்டும் பொய்யில்லை, எண்ணும் விதம் வேறு. அலுவலகம் தன்னிடம் பதிந்தவர்களை எண்ணுகிறது. வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவாக மினிஜாப் என்ற சிறு பகுதிநேர வேலை பார்த்தபடி முழுநேர வேலை தேடுபவரும் அதில் வேலையில்லாதவர். யூரோஸ்டாட்டுக்கோ, வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு உழைத்தாலே வேலையில் இருப்பவர். வேலையில்லாதவர் என்று பெயர் வாங்க, கடந்த 4 வாரங்களில் தேடியிருக்க வேண்டும், 2 வாரத்துக்குள் சேரவும் முடிய வேண்டும். அலுத்துப்போய்த் தேடுவதை விட்டவர் கணக்கிலேயே வரமாட்டார். இது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

செக்கின் 2.6-ம் யூரோஸ்டாட் கணக்குதான். ஆக, அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது 3.4. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. அதே 2024-ல் ஸ்பெயினின் 11.4-தான் உண்மையிலேயே தூரம். அதுவும் 2013-ல் 26-ஐத் தொட்டு இறங்கியது. அங்கே 25 வயதுக்குக் கீழானவர்களுக்கு 2024-லும் 26 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதைப் பார்த்து நாலு இளைஞரில் ஒருவர் சும்மா இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். வேலை தேடாமல் படிப்பவர்களை விட்டுவிட்டுத்தான் அந்தச் சதவீதத்தைப் போடுகிறார்கள்.

நாட்டுச் சராசரியை விட நீங்கள் தங்கப்போகும் மாநிலத்தைப் பாருங்கள். அலுவலகக் கணக்கின்படி 2024-ல் பவேரியாவில் 4-க்கும் கீழே, பிரேமனில் 11-ஐ ஒட்டி. ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு! அப்புறம் உங்கள் தொழில். நர்ஸுக்கும் மென்பொருள்காரருக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? ஜெர்மன் பேச வராத நர்ஸுக்கு 3.4 என்ன, 1 இருந்தாலும் வார்டில் வேலை கிடைக்காது. பிராக் போனால் செக் மொழியை அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும்.

விசாவையும் மறக்காதீர்கள். ஜெர்மன் அனுமதி அட்டையோடு ஷெங்கன் ஒப்பந்த நாடுகள் முழுக்கச் சுற்றலாம், ஆனால் செக்கில் சம்பளத்துக்கு வேலை செய்ய அது போதாது. ப்ளூ கார்டு, அதாவது உயர்தகுதி வேலைக்காரர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய அனுமதி, இருந்தால் 12 மாதம் கழித்து மாறுவது கொஞ்சம் எளிது. அப்போதும் அங்கே புதிதாக விண்ணப்பித்தே ஆகவேண்டும், அதற்கு முன் ஒரு வேலை ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும்.