குழந்தைகளோடு காட்டுப் பாதையிலும் ஏரியிலும்: திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்

குடும்பத்தோடு ஒரு பூங்காவின் நடைபாதையிலோ அமைதியான ஏரியிலோ அரை நாளைக் கழிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்றுதான் கேட்டுத் தொடங்குகிறார்கள். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது. குழந்தைகள் புறப்படும்போது ஓடுவார்கள், பாதி வழியில் கல் பொறுக்குவார்கள், திரும்பும்போது தூக்கச் சொல்வார்கள். ஆகவே சோர்வு, பசி, எதிர்காற்று, மங்கும் வெளிச்சம் ஆகிய எல்லாமே பயணத்தின் இரண்டாம் பாதியில்தான் ஒன்றுசேர்ந்து வருகின்றன. அந்த இரண்டாம் பாதிக்கு வேண்டிய நேரத்தையும் தெம்பையும் முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதை மட்டுமே போகும் வழிக்குச் செலவிட வேண்டும்.

நடையின் நேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. மெட்ரிக் அளவில் அது 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று சொல்லப்படுகிறது. 4 கிலோமீட்டர் நீளமும் 150 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதைக்கு இதன்படி ஏறத்தாழ 63 நிமிடங்கள் ஆகும். ஆனால் இது நிற்காமல் நடக்கும் திடமான பெரியவரின் கணக்கு. ஐந்து வயதுக் குழந்தை உடன் வந்தால் அதை இரண்டாலோ இரண்டரையாலோ பெருக்கிக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். மூன்று மணி நேரம் கையில் இருந்தால் முதல் ஒரு மணி நேரம் முடிந்ததும் எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள். அந்த நேரத்தைப் புறப்படும்போதே குழந்தைகளிடமும் சொல்லிவிட்டால், பாதி வழியில் எழும் வாக்குவாதம் பெருமளவு குறையும்.

பாதையைத் தேர்வு செய்வதிலும் இதே கண்ணோட்டம் உதவும். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் வட்டப்பாதைகள் வரைபடத்தில் அழகாகத் தெரிந்தாலும், நடுவழியைத் தாண்டிவிட்டால் திரும்புவதால் எந்தப் பயனும் இல்லை என்ற சிக்கல் அவற்றில் உண்டு. இடையில் குறுக்குவழி உள்ள வட்டப்பாதை பரவாயில்லை. முதல் சில பயணங்களுக்கு, போன வழியே திரும்பும் பாதையே ஏற்றது, ஏனென்றால் அதை எந்த இடத்திலும் வெட்டிக்கொள்ளலாம். பள்ளத்தாக்குக்குள் இறங்கிச் செல்லும் பாதைகளில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். போகும்போது எல்லோரும் உற்சாகமாக இறங்கிவிடுவார்கள், ஏற்றம் முழுவதும் களைத்த கால்களுக்காகக் கீழே காத்திருக்கும். வரைபடத்தில் உயரக்கோடுகள் நெருங்கி இருக்கும், அதாவது சரிவு செங்குத்தான இடங்களைப் புறப்படும் முன்பே பார்த்து வையுங்கள்.

தூரத்தைவிடக் குழந்தைகளை நடக்க வைப்பது இடையில் வரும் சங்கதிகள்தான். சிற்றோடை, மரப்பாலம், ஏறி நிற்கத் தோதான பாறை, பறவை பார்க்கும் மறைவிடம் என ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் ஏதாவது ஒன்று வரும் 2 கிலோமீட்டர் பாதை, ஒரு காட்சிமுனையை மட்டும் நோக்கிச் செல்லும் 5 கிலோமீட்டர் பாதையைவிடப் பல மடங்கு மேல். காட்சிமுனை பெரியவர்களுக்கான பரிசு, ஆறு வயதுக் குழந்தைக்கு அது வெறும் வானம்.

வரிசையில் மிகச் சிறியவரை முன்னால் நடக்க விடுங்கள். வேகத்தை அவரே தீர்மானிக்கட்டும், ஒரு பெரியவர் எப்போதும் கடைசியில் வரட்டும். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வந்து சேரும்வரை நிற்பது என்ற ஒரே விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால், குழந்தை வழிதவறும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அப்படியும் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லித்தர வேண்டும். 1981-ல் கலிஃபோர்னியாவின் பாலமர் மலைப்பகுதியில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறி உயிரிழந்தான். தேடலில் பங்கேற்றவர்கள் அதன்பின் தொடங்கிய பயிற்சித் திட்டத்தின் சாரம் மிக எளிது: வழி தெரியவில்லை என்று உணர்ந்த கணமே நின்று, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. நகர்ந்துகொண்டே இருக்கும் குழந்தையைவிட ஓரிடத்தில் இருக்கும் குழந்தையைக் கண்டுபிடிப்பது எளிது. கழுத்தில் மாட்டாமல் பையின் தோள்வாரில் கட்டிய ஒரு விசிலை ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுத்து, மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள் எனப் பழக்குங்கள். தேடுபவர்களின் குரலுக்குப் பதில் கொடுக்க வேண்டும், அந்நியர் என்று பயந்து ஒளியக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதுகில் சுமக்கும் தாங்கியில் உட்கார்ந்திருக்கும் கைக்குழந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுமப்பவர் வியர்த்துக்கொண்டு நடப்பார், குழந்தையோ அசையாமல் காற்றில் உட்கார்ந்திருக்கும். ஆகவே தமக்குச் சூடாக இருக்கிறது என்பதை வைத்துக் குழந்தையின் நிலையை அளவிடக் கூடாது. கைவிரல்கள் குளிர்ந்திருப்பது மட்டும் சரியான அறிகுறி அல்ல, பிடரியில் கைவைத்துப் பார்ப்பதே நம்பத்தக்கது. வெயில் நாளில் இதே சோதனை அதிகச் சூட்டையும் காட்டிக்கொடுக்கும்.

உடை, பை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரமான பருத்தி குளிர்விக்கும் என்பதால் ஒரு மாற்றுச் சட்டையும் உலர்ந்த காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் காலணியை அன்றைக்கே முதன்முதலாகப் போடாதீர்கள். மிதமான தட்பவெப்பத்தில் பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும், வெயில் ஏறினால் அதுவும் ஏற வேண்டும். போகும் இடம், வழி, திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் வீட்டில் இருப்பவர் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் கைபேசியில் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் ஊருக்கு அருகிலுள்ள காடுகளிலும் உண்டு. கழிப்பறை இல்லாத இடத்தில் நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிட வேண்டும்.

தண்ணீரில் இறங்கும் முன்

நிலத்தில் தவறு நேர்ந்தால் உட்கார்ந்து யோசிக்கலாம், தண்ணீரில் அந்த வசதி இல்லை. ஆகவே துடுப்புப் படகுப் பயணத்தில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் கரையிலேயே எடுக்கப்படும் முடிவுதான்.

முதலாவது உயிர்காப்பு மேலங்கி. குழந்தைகளுக்கான மேலங்கி வயதைக் கொண்டு அல்ல, உடல் எடையைக் கொண்டு தேர்வு செய்யப்பட வேண்டும். மிதக்க வைக்கும் விசை நியூட்டன் என்ற அலகில் குறிக்கப்படும், 50 நியூட்டன் என்று குறிக்கப்பட்டவை நீந்தத் தெரிந்தவர்களுக்கான மிதப்பு உதவிகள் மட்டுமே. நீந்தத் தெரியாத சிறு குழந்தைக்குத் தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டை உள்ள, முகத்தை மேல்நோக்கித் திருப்ப உதவும் 100 நியூட்டன் வகையே ஏற்றது. எல்லா வார்களையும் இறுக்கிய பிறகு தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், மேலங்கி குழந்தையின் தாடையையோ காதையோ தொடும் அளவுக்கு எழும்பினால் அது பெரிது. வளர்ந்த பிறகும் உதவும் என்று ஒரு அளவு கூடுதலாக வாங்குவது சட்டைக்குச் சரி, இதற்குச் சரியல்ல. சிறு குழந்தைகளின் மேலங்கியில் கால்களுக்கு இடையே செல்லும் வாரும் இருக்க வேண்டும். காற்றடைத்த கைப்பட்டைகளும் வளையங்களும் விளையாட்டுப் பொருட்களே தவிர உயிர்காப்புச் சாதனங்கள் அல்ல. பெரியவர்கள் மேலங்கியைக் காலடியில் போட்டுக்கொண்டு குழந்தையை மட்டும் அணியச் சொன்னால், படகு கவிழும்போது அந்தக் குழந்தைக்கு உதவ ஆளே இருக்காது.

இரண்டாவது காற்று. நடைப்பயணத்தில் பள்ளத்தாக்குப் பாதை செய்யும் அதே வஞ்சனையை ஏரியில் பின்காற்று செய்கிறது. முதுகில் காற்று தள்ளும்போது துடுப்பு லேசாக இருக்கும், அலை சிறியதாகத் தெரியும், கரை வேகமாக விலகும். திரும்பும்போதுதான் அதன் உண்மையான பலம் தெரியவரும். எனவே முதலில் காற்றை எதிர்த்துப் போய், பின்காற்றில் திரும்புவதே முறை. காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவையில் மூன்றாம் நிலையில், அதாவது மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில், அலைகளின் முகட்டில் ஆங்காங்கே வெள்ளை நுரை தோன்றத் தொடங்கும். குழந்தைகளுடன் படகோட்டப் பழகும் குடும்பத்துக்கு அந்த வெண்ணுரையே நிறுத்தக்குறி. கரையிலிருந்து நீரின் நடுவை நோக்கி வீசும் காற்று இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் கரையோரம் அமைதியாகத் தெரியும்போதே அது காற்றடைத்த படகுகளையும் நின்று துடுப்புப் போடும் பலகைகளையும் வெகுதூரம் இழுத்துச் சென்றுவிடும். பொதுவாகக் காலை வேளைகளில் காற்று அடங்கியிருக்கும் என்பதால், தண்ணீரை முன்பகலுக்கும் நிழலான நடைபாதையைப் பின்பகலுக்கும் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

மூன்றாவது, நீரின் வெப்பநிலை. காற்று இதமாக இருந்தாலும் நீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், திடீரென்று விழுபவர் தம்மை அறியாமல் மூச்சை இழுத்துத் திணறுவார். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை நினைவில் வைக்க 1-10-1 என்ற சூத்திரத்தைப் பரப்பினார். உறைபனி அளவுக்குக் குளிர்ந்த நீரில் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் பயன்படும் நிலையில் இருக்கப் பத்து நிமிடங்கள், உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்குமுன் ஒரு மணி நேரம் என்பது அதன் பொருள். உடல் எடையோடு ஒப்பிடத் தோல்பரப்பு அதிகம் என்பதால் குழந்தைகள் பெரியவர்களைவிட விரைவாகக் குளிர்வார்கள். ஆகவே காற்றுக்கு ஏற்ப அல்ல, தண்ணீருக்கு ஏற்ப உடுத்த வேண்டும்.

படகில்

சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு என் தேர்வு அகலமான, திறந்த கேனோதான். மேற்பகுதி மூடிய குறுகிய படகான கயாக் வேகமாகப் போகும், எளிதில் திரும்பும், ஆனால் அதில் குழந்தையும் பெரியவரும் தனித்தனிப் பொந்துகளில் அடைபட்டிருப்பார்கள். மேலே உட்காரும் வகைக் கயாக், வெதுவெதுப்பான நீரில் பத்து வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். கேனோவில் திசைதிருப்பத் தெரிந்த பெரியவர் பின்முனையிலும், இன்னொரு பெரியவரோ மூத்த பிள்ளையோ முன்முனையிலும், சிறியவர்கள் நடுவில் அடித்தட்டிலும் உட்கார வேண்டும். ஒரே பெரியவர் பின்னாலும் ஒரு சிறு குழந்தை முன்னாலும் அமர்ந்தால் முன்முனை மேலே எழும்பிக் காற்றில் அலைக்கழியும். அப்போது பெரியவர் நடுப்பகுதிக்கு நகர்ந்துகொள்ள வேண்டும், அல்லது தண்ணீர் நிரம்பிய பைகளை முன்னால் வைத்துக் கட்ட வேண்டும். குழந்தையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் படகோடு கட்டக் கூடாது.

துடுப்புப் போடுவதைக் குழந்தைகள் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். துடுப்பின் தட்டையான அலகு முழுவதும் நீரில் மூழ்க வேண்டும், இழுப்பு இடுப்புக்கு நேராக முடிய வேண்டும், கையைவிட உடம்பு திரும்ப வேண்டும் என்ற மூன்று போதும். அவர்கள் உயரத்துக்கு ஏற்ற சிறிய துடுப்பைக் கொடுங்கள், அது படகை நகர்த்துவதைவிட அவர்களை அமைதியாக வைத்திருக்கும் என்பதே பெரிய லாபம்.

முதல் நாளில் எங்கும் போகாமல், இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்ந்து பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். கவிழ்ந்ததும் முதலில் ஆட்களை எண்ண வேண்டும், பிறகு எல்லோரும் படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கரை பக்கத்தில் தெரிகிறதென்று யாரும் தனியே நீந்தக் கூடாது. மேலங்கி மிதக்க வைக்கும் விதத்தையும் மூக்கில் நீர் ஏறும் எரிச்சலையும் விளையாட்டாக அறிந்த குழந்தை, உண்மையாக விழும்போது அவ்வளவாக மிரளாது. கரையை ஒட்டியே, எழுந்து நிற்கக்கூடிய ஆழத்துக்கு அருகிலேயே செல்லுங்கள். சுவாரசியமானவையும் அங்கேதான் இருக்கின்றன: நாணல், தவளை, மரக்கட்டையில் வெயில் காயும் ஆமை.

குழந்தைகளோடு படகோட்டப் பழகத் தொடங்குபவர்கள் ஓடும் நீரைத் தவிர்ப்பதே நல்லது. தடுப்பணை உயரம் குறைவாக இருப்பதால் பாதிப்பில்லாததாகத் தோன்றும், ஆனால் அதன் அடியில் நீர் பின்னோக்கிச் சுழன்று, விழுந்தவரைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். விழுந்து கிடக்கும் மரங்கள் நீரை மட்டும் போகவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தில் விழுந்தவர் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் சிக்கிவிடும் என்பதால், பாதங்களை ஓட்டத்தின் திசையில் உயர்த்தி மல்லாந்து மிதக்க வேண்டும்.

இடி கேட்டால் எல்லோரும் உடனே கரையேற வேண்டும், கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடங்கள் ஆகும்வரை மீண்டும் இறங்கக் கூடாது. பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் நீலப்பச்சைப் பாசி படர்ந்த நீரில் குழந்தைகளும் நாய்களும் கால் வைக்கவே கூடாது, அதன் நச்சு நாய்களைக் கொல்லக்கூடியது.

திரும்பிய பிறகு கால்மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஆகிய இடங்களில் உண்ணிகளைத் தேடுங்கள். கிடைத்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். படகையும் துடுப்பையும் சேறும் செடியும் போகக் கழுவி, உள்ளே தேங்கிய நீரை அந்த ஏரிக்கரையிலேயே வடித்து, முழுவதும் உலர்த்திய பின்னரே வேறொரு நீர்நிலைக்குக் கொண்டு செல்லுங்கள். கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி 1988-ல் வட அமெரிக்கப் பேரேரிகளில் கண்டறியப்பட்டு, பின்னர் படகுகளோடு உள்நாட்டு ஏரிகளுக்கும் பரவியது. ஈரத்தில் அது பல நாட்கள் உயிரோடு இருக்கும் என்பதால், கடனாக வாங்கிய படகாக இருந்தாலும் இந்த வேலையை உரிமையாளருக்கு விட்டுவைக்காமல் நீங்களே செய்துவிடுங்கள்.