ஒப்பந்தம் முடிந்த நட்சத்திர வீரர் அடுத்து எங்கே சேரலாம்: எடைபோடும் முறை

வட அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஒப்பந்தம் முடிந்து விடுபட்ட நட்சத்திர வீரருக்கு ஏற்ற அணியைத் தேடுகிறவர், முதலில் பழைய அணி எவ்வளவு தர முடியும் என்று பார்க்க வேண்டும். அது ஐந்து ஆண்டு ஒப்பந்தமும் ஆண்டுக்கு 8 விழுக்காடு வரை உயர்வும் தரலாம். மற்ற அணிகளுக்கு நான்கு ஆண்டும் 5 விழுக்காடும்தான் எல்லை. டெக்சஸிலும் புளோரிடாவிலும் மாநில வருமான வரி இல்லை. ஆயினும் வெளியூர் ஆட்டங்களுக்குப் பல மாநிலங்கள் வரி பிடிப்பதால், அதை முழு லாபமாகக் கொள்ள வேண்டாம்.

பணத்தைவிட முக்கியமானது, அவர் வந்தபின் அந்த அணியில் யார் மிஞ்சுவார்கள் என்பது. 2019இல் டொராண்டோவுக்குக் கோப்பை வென்று தந்த கவாய் லெனர்ட், சில வாரங்களிலேயே லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸில் சேர்ந்தார். அவருக்குத் துணையாகப் பால் ஜார்ஜைக் கொண்டுவர, அந்த அணி ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்ற இளைஞரையும் புது வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் முதல் சுற்றுக்கான ஐந்து தேர்வுரிமைகளையும் ஓக்லஹோமா சிட்டிக்கு விட்டுக்கொடுத்தது. 2021இல் கிளிப்பர்ஸ் முதன்முறையாக மேற்குப் பிரிவு இறுதிக்கு முன்னேறியபோது, லெனர்ட் முழங்கால் தசைநார் காயத்தால் ஆட முடியாமல் இருந்தார். விட்டுக்கொடுக்கப்பட்ட அந்த இளைஞரோ 2025இல் ஓக்லஹோமாவுக்குக் கோப்பையை வென்று தந்தார். டொராண்டோவிலேயே லெனர்ட் தங்கியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகவே, எதிர்காலத் தேர்வுரிமைகளை விற்காமலேயே இரண்டாவது நட்சத்திரத்தை வைத்திருக்கும் அணியை முதலிடத்தில் வையுங்கள். காயப் பின்னணி உள்ள வீரர் என்றால், அணியின் மருத்துவக் குழுவையும் ஓய்வு கொடுக்கும் முறையையும் கையெழுத்துக்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.