கூண்டில் சால்மன் சாகும்போது: எந்த மீனை எடுப்பது, எதை வெட்டுவது

சால்மன் எந்த நோயால் சாகிறது என்று கண்டறிய மாதிரி எடுப்பதில் பெரும்பாலான தவறு கத்தியைத் தொடுமுன்பே, மீனைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. அடிவலையில் கிடக்கும் செத்த மீனை எடுப்பது சுலபம். ஆனால் அது எத்தனை மணி நேரமாகக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கணையத் திசு மிக விரைவில் கரைந்துபோகும். அது நோயால் அழிந்ததா, செத்தபின் அழுகியதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பவரால் பிரிக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது சாகும் தறுவாயில் உள்ள மீன்: கூண்டின் ஓரமாக, மேல்மட்டத்தில், ஓட்டத்தை எதிர்த்து நிற்கத் திணறிக்கொண்டு, கைவலையைக் கண்டும் விலகாதது. சாவு கூடியிருக்கும் கூண்டிலிருந்தே 5 முதல் 10 வரை பிடியுங்கள்.

செத்த மீன்தான் கிடைக்கிறது என்றால், செவுள் சிவப்பாக உள்ளதை எடு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஐஎஸ்ஏ எனப்படும் தொற்று இரத்தசோகையைச் சந்தேகிக்கும் இடத்தில் இந்த விதி உங்களையே ஏமாற்றும். அந்நோயில் மீன் உயிரோடிருக்கும்போதே செவுள் வெளுத்துவிடும். சிவப்பை மட்டும் பொறுக்கினால் நோயுள்ள மீனையெல்லாம் ஒதுக்கிவிடுவீர்கள். கண் தெளிவாக இருக்கிறதா, உடல் விறைப்பு விடவில்லையா என்று பாருங்கள்.

மீனைக் கொல்ல, லிட்டருக்கு 250 மில்லிகிராம் ட்ரைகெய்ன் என்ற மயக்கமருந்து கலந்த நீர். செவுள்மூடி அசைவு நின்றபின்னும் 10 நிமிடம் அதிலேயே விடுங்கள். நன்னீரில் செய்தால் அதே எடை சமையல் சோடாவும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் அமிலமாகிவிடும். உடனே குதத்துடுப்புக்குப் பின்னால், வயிற்றுப்பக்க நடுக்கோட்டில் ஊசியைச் செலுத்தி, முதுகெலும்பில் தட்டியதும் சற்றே பின்னிழுத்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் இரத்தம் எடுங்கள். சுழற்றிப் பார்த்தால் நல்ல மீனில் சிவப்பணுக்களின் பங்கு 35 சதவீதத்துக்கு மேல் இருக்கும். முற்றிய ஐஎஸ்ஏவில் 10க்கும் கீழே போய்விடும். கடற்கரையிலேயே கிடைக்கும் மிக மலிவான துப்பு இது.

இனி வயிற்றைத் திறக்கலாம். கறுத்த கல்லீரல், வயிற்றில் நீர், வீங்கிய மண்ணீரல், உறுப்புகளைச் சுற்றிய கொழுப்பில் ஊசிமுனை அளவு இரத்தப் புள்ளிகள் ஆகியவை ஐஎஸ்ஏவின் படம். எல்லாம் ஒரே மீனில் இருக்கும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த நோய் பல நேரங்களில் மெதுவாகத்தான் நகரும்: ஒரே கூண்டில் நாளுக்கு 0.05 முதல் 0.1 சதவீதம் சாவு. 2 லட்சம் மீன் உள்ள கூண்டில் அது 100 முதல் 200 மீன். 'வழக்கமான சாவு' என்று கணக்கில் கரைந்துவிடும் எண்ணிக்கை. 1984இல் நார்வேயில் முதலில் பதிவான இந்நோய், 2007இல் சிலியில் பரவியபோது அந்நாட்டின் அட்லாண்டிக் சால்மன் உற்பத்தியையே சாய்த்தது.

இதயத்தைத் தாக்கும் மூன்று நோய்கள்தான் அதிகம் குழப்புபவை. வெறுங்கண்ணை நம்பக்கூடாத இடமும் இதுவே. அறுவடையை நெருங்கிய, கொழுத்த மீன் திடீரெனச் செத்து, இதய உறையைக் கீறியதும் உறைந்த இரத்தம் வெளிவந்தால், மேலறை கிழிந்திருக்கிறது: சிஎம்எஸ் எனப்படும் இதயத்தசை நோய் சந்தேகம். தீனி நின்று, குடல் காலியாகி, மஞ்சள் நிறக் கழிவு இழை தொங்கினால் கணைய நோய், அதாவது பிடி. வெளிறிய இதயத்தைத் தவிர வேறொன்றும் தெரியாவிட்டால் ஹெச்எஸ்எம்ஐ, அதாவது இதய மற்றும் எலும்புத்தசை அழற்சியாக இருக்கலாம். முடிவு திசுவில்தான் இருக்கிறது. சிஎம்எஸ் இதயத்தின் மேலறையையும் கீழறையின் உள்ளே உள்ள பஞ்சு அடுக்கையும் அரிக்கும். ஹெச்எஸ்எம்ஐ வெளியுறையையும் கெட்டி அடுக்கையும் சேர்த்துத் தாக்கி, சிவப்புத் தசைக்கும் போகும். பிடியில் இதயத்தோடு கணையமும் அழியும்.

அதனால்தான் இதயத்தை முழுதாக அனுப்பச் சொல்வது. மேலறை மெல்லியது, இழுத்தால் பிய்ந்து உறையிலேயே தங்கிவிடும். இடுக்கியால் இதயத்தின் முன்முனையில் உள்ள வெள்ளைக் குமிழைப் பிடித்துத் தூக்கி, பின்பக்க நாளத்தை அறுங்கள். கீழறையை நசுக்க வேண்டாம். கீழறையின் நுனியிலிருந்து சிறு துண்டு வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு, மீதி முழுவதும் ஃபார்மலினுக்கு.

வரிசை முக்கியம். குடலைத் தொடுமுன் இதயம், நடுச் சிறுநீரகம் இரண்டிலிருந்தும் பிசிஆர் துண்டுகள்: எந்தப் பக்கமும் 5 மில்லிமீட்டர் தாண்டாமல், ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் ஆர்என்ஏலேட்டர் திரவம் 10 மடங்கில், ஓர் இரவு 4 டிகிரியில், பிறகு உறைபெட்டியில். அடுத்து நுண்ணோக்கிக்கு: குடலின் தொடக்கத்தில் கணையம் ஒட்டியிருக்கும் பைலோரிக் குழல்கள் முதலில், பின்னர் செவுள், கல்லீரல், மண்ணீரல், பக்கக்கோட்டில் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த தசை. நடுநிலையாக்கிய 10 சதவீத ஃபார்மலின், திசுவைப்போல் 10 மடங்கு. குளிர்காலத்தில் அந்த டப்பாவைப் படகின் தளத்தில் விட்டுவிடாதீர்கள். உறைந்தால் பனிப்படிகம் செல்களைக் கிழித்து மொத்த மாதிரியும் வீணாகும். மீனுக்கு ஒரு புதுக் கத்தி. ஆல்கஹாலில் முக்கினால் வைரஸ் செத்தாலும் அதன் ஆர்என்ஏ அலகில் ஒட்டியிருக்கும். அடுத்த மீன் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும்.

முடிவு வந்ததும் அவசரப்படாதீர்கள். வைரஸ் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. ஹெச்எஸ்எம்ஐக்குக் காரணமான பிஆர்வி என்ற வைரஸ், எந்த நோயுமில்லாத மீன்களிலும் பரவலாகக் கிடைக்கும். ஐஎஸ்ஏ வைரஸிலும் ஹெச்பிஆர்0 என்ற சாது வகை உண்டு. அது பெரும்பாலும் செவுளோடு நின்றுவிடும். செவுளையும் பிசிஆரில் சோதித்து, செவுள் பாசிட்டிவ், சிறுநீரகம் நெகட்டிவ் என்று வந்தால் மரபணு வரிசை கேளுங்கள். பிசிஆரில் வைரஸ் தென்படும்வரை ஓடிய சுற்றுகளைக் காட்டும் சிடி எண்ணில் சுமார் 3.3 குறைந்தால் வைரஸ் 10 மடங்கு அதிகம் என்று பொருள். திசுப் படத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

ஐஎஸ்ஏ சந்தேகம் என்றால் மட்டும் முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. நார்வேயில் மத்தில்சினெ என்ற உணவுப் பாதுகாப்பு அமைப்பு, கனடாவில் உணவு ஆய்வு முகமை என அந்தந்த நாட்டு அமைப்புக்கு உடனே சொல்லி, மீன், வலை, படகு எதையும் தளத்தைவிட்டு நகர்த்தாமல் நிறுத்துங்கள். செத்த மீனை நாள்தோறும் அள்ளி, அரைத்து, ஃபார்மிக் அமிலத்தில் பிஹெச் 4க்குக் கீழ் வையுங்கள். ஐபிஎன் என்ற தொற்றுக் கணைய நோயின் வைரஸ் அமிலத்துக்கு அசையாது என்பதால் அந்தக் கூழைப் பிறகு சூடாக்கவும் வேண்டும்.

ஆற்றுக்குத் திரும்பும் இயற்கைச் சால்மனில் இந்த வழி பாதிதான் உதவும். தளர்ந்த மீனை நீர்நாயும் கடல்நாயும் பறவையும் முந்திக்கொள்ளும். நோயுற்றது கைக்குக் கிடைப்பதே அரிது. இங்கே சோதனை செய்ய வாய்ப்பான இடம் முட்டைக்காகப் பிடிக்கும் தாய்மீன். முட்டையை 0.9 சதவீத உப்புநீரில் அலசி, 100 பிபிஎம் அயோடோஃபர் என்ற அயோடின் கிருமிநாசினியில், பிஹெச் 6 முதல் 8க்குள், குறைந்தது 10 நிமிடம் வையுங்கள். முட்டை ஒரு பங்கு என்றால் கரைசல் நான்கு பங்காவது வேண்டும். நிறம் வெளுத்தால் மாற்றிவிடுங்கள். அயோடின் ஓட்டின் மேல்தான் வேலை செய்யும். பிகேடி எனப்படும் பாக்டீரியச் சிறுநீரக நோயின் பாக்டீரியா முட்டைக்குள்ளேயே போகக்கூடியது. ஆகவே ஒவ்வொரு பெண்மீனின் முட்டையையும் தனித்தட்டில் எண்ணிட்டு வைத்து, அதன் சிறுநீரக முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் அந்தத் தட்டை அப்படியே அழித்துவிடுங்கள்.