பழைய ஹாலிவுட் ஆட்டோகிராஃப் படங்கள்: காசு கொடுக்கும் முன் சோதிப்பது எப்படி?

1930, 40களில் ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்கு ரசிகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அத்தனைக்கும் நட்சத்திரங்களே கையெழுத்துப் போடவில்லை. செயலாளர்கள் போட்டார்கள், ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார்கள், கையெழுத்தோடு சேர்த்தே படத்தை அச்சடித்தும் அனுப்பினார்கள். 1930களின் நட்சத்திர நடிகை ஜீன் ஹார்லோவின் பெயர் உள்ள படங்களில் பெரும்பாலானவை அவருடைய அம்மா கையெழுத்திட்டவை. படம் பழையதாக இருப்பது வேறு, கையெழுத்து அசலாக இருப்பது வேறு.

படி 1: ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள்

அவருடைய கையெழுத்து மாதிரிகள் குறைந்தது இருபது சேகரியுங்கள். ஒப்பந்தம், காசோலை போன்றவற்றில் உள்ளவைதான் நம்பகமானவை. ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் கிடைக்கும். ஆண்டுவாரியாக அடுக்கிப் பாருங்கள். புதுமுகமாக இருந்தபோது எழுத்தெழுத்தாகப் போட்டவர், பத்து வருடத்தில் கிறுக்கலுக்கு வந்திருப்பார். கிரெட்டா கார்போ கையெழுத்துப் போட்டதே அபூர்வம். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

படி 2: லூப்பும் டார்ச்சும்

10 மடங்கு பெரிதாக்கும் லூப் (சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி) போதும். படத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். பேனா மை படத்தின் மேல் படிந்திருப்பதால் அந்த இடத்தில் பளபளப்பு மாறும். கோடும் படமும் ஒரே பளபளப்பில் இருந்தால் அது அச்சு. ஸ்டாம்பில் அழுத்தம் எங்கும் ஒன்றுபோல இருக்கும், மை ஓரங்களில் ஒதுங்கியிருக்கும். ஆட்டோபென் என்பது ஒருவரின் கையெழுத்தைப் பேனாவால் அப்படியே போடும் இயந்திரம்; அது போட்டதில் கோடு முழுக்க ஒரே தடிமன். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு புள்ளி விழுந்திருக்கும். இரண்டு கையெழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். மனிதக் கை அப்படிப் போடாது.

ஊற்றுப் பேனா மை பளபளப்பான தாளில் சரியாக ஒட்டாமல் திட்டுத் திட்டாக நிற்பதுண்டு. அதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள், பேனாதான் ஓடியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

படி 3: பேனாவின் வயது

அமெரிக்கக் கடைகளில் பால்பாயிண்ட் பேனா விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். ஹார்லோ இறந்தது 1937இல், அதனால் அவர் பெயரில் பால்பாயிண்ட் கையெழுத்து இருந்தால் போலி. ஷார்ப்பி மார்க்கர் வந்தது 1964இல். ஹம்ஃப்ரி போகார்ட் 1957லும், கிளார்க் கேபிள் 1960லும், மர்லின் மன்றோ 1962லும் போய்விட்டார்கள். பல போலிகள் இந்தக் கணக்கிலேயே சிக்கும்.

தாளைப் புற ஊதா விளக்கில் காட்டுங்கள். பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் 1950களுக்குப் பிந்திய தாள். ஒளிராவிட்டால் தாள் பழையதாக இருக்கலாம், அவ்வளவுதான். பழைய வெற்றுப் படத்தில் போன வாரம்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

படி 4: விற்பவர்

சான்றிதழைக் கண்டு மயங்காதீர்கள், விற்பவரே அச்சடித்துக்கொள்ளலாம். 'போலி என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் முழுப் பணம் திரும்பத் தருகிறேன்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், மழுப்பினால் விலகிவிடுங்கள். யாரோ ஒருவர் பெயரிட்டு வாழ்த்து எழுதிய படம் பொதுவாக விலை குறைவு. புதியவருக்கு அதுவே நல்லது, ஒப்பிட்டுப் பார்க்க எழுத்துகள் கூடுதலாகக் கிடைக்கும்.

படி 5: பாதுகாப்பு

ஸ்டுடியோ படங்கள் பெரும்பாலும் 8க்கு 10 அங்குலம். பிவிசி உறை வேண்டாம். நாளாக நாளாகப் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையில், பின்னால் அமிலமில்லா அட்டை வைத்துச் செருகுங்கள். லாமினேட் செய்யவே கூடாது. மங்கிய கையெழுத்தின் மேல் மறுபடி பேனா ஓட்டினால் படத்தின் மதிப்பு அன்றோடு போயிற்று. சுவரில் மாட்ட ஆசையா? நகலை மாட்டுங்கள், அசல் பெட்டியில் இருக்கட்டும்.