பழைய ராணுவ வாள் கிடைத்தால் உடனே தேய்க்காதீர்கள்

பழைய ராணுவ வாள் ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது உப்புத்தாளைத்தான். தயவுசெய்து வேண்டாம். அலகின் மேல் அமிலத்தால் பொறித்த அரச முத்திரை, செய்தவர் பெயர் எல்லாம் மெல்லிய கீறல் ஆழத்துக்குத்தான் இருக்கும், பாலிஷ் மெஷினில் கொஞ்ச நேரம் பிடித்தாலே மங்கிவிடும், வாளின் வயதைச் சொல்லும் சாட்சியே அதுதான் என்பது அப்புறம்தான் புரியும்.

முதலில் படியுங்கள். பிரிட்டிஷ் வாளில் விக்டோரியா மகாராணியின் வி.ஆர். (விக்டோரியா ரெஜினா) முத்திரை இருந்தால் 1837க்கும் 1901க்கும் இடைப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘1897 பேட்டர்ன்’ என்றால் 1897இல் செய்தது என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அது அந்த வடிவமைப்பு வந்த ஆண்டு மட்டுமே, அதே காலாட்படை அதிகாரி வாளை இன்றும் அணிவகுப்பில் பார்க்கலாம். அலகின் முதுகையும், அதாவது கூரில்லாத தடித்த விளிம்பையும், பார்க்க மறக்காதீர்கள்: பிரான்ஸின் கிளிங்கன்தால் ஆயுதத் தொழிற்சாலையில் செய்த வாள்கள் பலவற்றில் மாதமும் ஆண்டும் அங்கேதான் எழுதியிருக்கும், பிரஷ்ய வாள்களில் அரசரின் முத்திரைக்குக் கீழே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும், வில்கின்சன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செய்த வாள் என்றால் வரிசை எண்ணை வைத்து அந்த நிறுவனத்தின் பழைய பதிவேட்டில் தேதியைத் தேட வழி உண்டு. சோலிங்கன் என்ற ஜெர்மன் ஊரின் பெயர் இருந்தால் ஜெர்மன் ராணுவ வாள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அந்த ஊர் பல நாடுகளுக்கு அலகு செய்து கொடுத்தது.

சரி, சுத்தம் செய்வது எப்படி? கருத்துப்போன பழுப்புப் படலம் வாளின் வயது, அதை விட்டுவிடுங்கள். விரலில் ஒட்டும் செம்மஞ்சள் துருதான் எதிரி. மெல்லிய எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிக மெல்லிய 0000 ஸ்டீல் வுல்லால், பொறிப்பு இருக்கும் இடத்தைத் தவிர்த்து, மெதுவாகத் தேய்த்தால் போதும். வினிகரில் ஊறப்போடுவது துருவோடு அந்தப் படலத்தையும் தின்றுவிடும்.

கைப்பிடியைக் கழற்றவும் வேண்டாம், பெரும்பாலான ஐரோப்பிய வாள்களில் காம்பின் (கைப்பிடிக்குள் போகும் அலகின் பகுதி) நுனியை அடித்து மடக்கியிருப்பார்கள், பிரித்தால் பழையபடி சேராது. ஜப்பானிய வாளை மட்டும் முறைப்படி கழற்றலாம், ஆனால் அதன் காம்பில் இருக்கும் துருவைத் தொடவே கூடாது, வாளின் வயதைக் கணிக்க வல்லுநர்கள் பார்ப்பவற்றில் அந்தத் துருவின் நிறமும் ஒன்று.

வேலை முடிந்ததும் வாளைத் தோல் உறைக்குள் செருகி வைத்துவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், துரு திரும்பவும் வரும். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.